டேங்கர் நகரவில்லை என்றால் மாடலைப் பாருங்கள்: படத்திலிருந்து கோட் எடுப்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மென்பொருளின் அமைப்பையும் நடத்தையையும் படமாக வரைந்து (அதுதான் மாடல்), ஜெனரேட்டர் என்ற கருவியால் அதிலிருந்து கோட் எடுப்பவர்களுக்கு இந்த வழிமுறை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து கேரளத்துக்குள் போகும் பால் வண்டிகளை மீனாட்சிபுரத்தில் கேரளப் பால்வளத் துறையின் சோதனைச் சாவடியில் நிறுத்தி மாதிரி எடுப்பார்கள். அதைப் போன்ற ஒரு சாவடிக்கு நாமே வரைந்துகொண்ட மாடல்தான் இங்கே எடுத்துக்காட்டு. அந்தச் சாவடியில் ஓடும் மென்பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் டேங்கருக்கு ஆறு நிலைகள்: வருகை, மாதிரி எடுப்பு, சோதனை, மறுசோதனை, அனுமதி, திருப்பி அனுப்பல்.

எந்த அறிகுறியோடு வந்திருந்தாலும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: உங்கள் குழுவில் படம் மூலமா, விளக்கமா? மூலம் என்றால் மாற்றம் முதலில் படத்தில் நடக்க வேண்டும். கோட் அதிலிருந்து பிறக்க வேண்டும். விளக்கம் என்றால் கோட்தான் மூலம். படம் பழசானால் அதை அழித்துவிட்டுப் புதிதாக வரையலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது. இரண்டுமே சரியான வழிகள்தான். பாதிப் பேர் படத்தையும் மீதிப் பேர் கோட்டையும் திருத்திக்கொண்டிருந்தால், கீழே சொல்லும் எந்த மருந்தும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது. இந்த முடிவை ரெப்போவின் (குழுவின் கோட் சேமிப்பகம்) முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

அறிகுறி: கோட் உருவாக்கினால் வெறும் கூடுதான் வருகிறது

கிளாஸ், புலங்கள், வாங்கவும் வைக்கவும் தேவையான மெத்தட்கள் எல்லாம் வருகின்றன. உள்ளே ஒன்றுமில்லை. ஜெனரேட்டரைக் குறை சொல்லாதீர்கள். மென்பொருளைப் படமாக வரைவதற்கான பொதுத் தரமான யூஎம்எல் 2-இல் 14 வகைப் படங்கள் உண்டு. ஏழு அமைப்பைச் சொல்பவை, ஏழு நடத்தையைச் சொல்பவை. நீங்கள் கொடுத்தது கிளாஸ் படம் மட்டும். என்னென்ன இருக்கிறது என்று அது சொல்லும். என்ன நடக்கிறது என்று சொல்லாது.

ஒவ்வொரு கிளாஸையும் எடுத்து, "இதற்கு வாழ்க்கைப் பாதை உண்டா?" என்று கேளுங்கள். டேங்கருக்கு உண்டு, மாதிரி பாட்டிலுக்கும் உண்டு. விலைப் பட்டியலுக்கு இல்லை. பாதை இருப்பவற்றுக்கு மட்டும் நிலைப் படம் வரையுங்கள்: நிலைகள் பெட்டிகளாக, நகர்வுகள் அம்புகளாக. அம்பின் மேல் மூன்று பகுதிகள் வரும்: எந்த நிகழ்வு, எந்த நிபந்தனை, என்ன செயல். செயலை முழுதாகப் படத்துக்குள் எழுதவும் வழி உண்டு. யூஎம்எல் தரத்தை வெளியிடும் ஓஎம்ஜி அமைப்பு அதற்காகவே எஃப்யூஎம்எல் என்ற இயக்கக்கூடிய பகுதியையும் ஆல்ஃப் என்ற எழுத்து மொழியையும் தரப்படுத்தியிருக்கிறது. ஆனாலும் சின்னக் குழுக்களுக்கு நடைமுறையில் ஒத்துவருவது எளிய ஏற்பாடுதான்: படத்தில் ஒரே வரியில் ஒரு செயலின் பெயரைக் கூப்பிடுங்கள், அதன் உடலைக் கையால் எழுதும் கோப்பில் வையுங்கள். அம்பின் மேல் ஒரு வரிக்கு மேல் கோட் ஏறினால் படத்தைப் படிக்க முடியாது, அந்தக் கோட்டைச் சோதிக்கவும் முடியாது.

அறிகுறி: டேங்கர் 'சோதனை' நிலையிலேயே நிற்கிறது

அதிகம் வருவதும் அதிக நேரம் தின்பதும் இதுதான். காரணங்கள் நான்கு. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதல் காரணம், நிகழ்வு தொலைந்து போவது. நிலைப் படத்தில் ஒரு நிகழ்வு வரும்போது, அப்போதைய நிலையிலிருந்து அதற்கு அம்பு இல்லையென்றால் அந்த நிகழ்வு தூக்கி எறியப்படும். யூஎம்எல் விதி அப்படி. பிழைச் செய்தி வராது, அது வரிசையிலும் காத்திருக்காது. ஆய்வகக் கருவி வேகமாக முடித்து, டேங்கர் இன்னும் 'மாதிரி எடுப்பு' நிலையில் இருக்கும்போதே 'முடிவு வந்தது' என்று அனுப்பிவிட்டால் அந்தச் செய்தி அங்கேயே மறைந்துவிடும். ஒரு நொடி கழித்து டேங்கர் 'சோதனை'க்குள் நுழைந்து, இனி வரவே போகாத முடிவுக்காகக் காத்திருக்கும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது கையால் மெதுவாகப் பொத்தானை அழுத்துவீர்கள். அதனால் இது தெரியாது. வண்டி வரிசை கட்டும் விடியற்காலையில்தான் தெரியும்.

நிலைகளை இடப்பக்கமும் நிகழ்வுகளை மேல்பக்கமும் எழுதி ஓர் அட்டவணை போடுங்கள். நம் மாடலில் ஆறு நிலை, ஐந்து நிகழ்வு (வந்தது, மாதிரி எடுத்தாயிற்று, முடிவு வந்தது, நேரம் முடிந்தது, ரத்து), ஆக 30 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும்: நகர், தள்ளிவை, வேண்டுமென்றே விடு, பிழை என்று பதிவு செய். வெற்றுக் கட்டம் இருக்கக் கூடாது. 'மாதிரி எடுப்பு' வரிசையில் 'முடிவு வந்தது' கட்டத்துக்குத் 'தள்ளிவை' என்று போடுங்கள்; யூஎம்எல்லில் அதற்கென்றே நிகழ்வைத் தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது, நிலைப் பெட்டிக்குள்ளேயே எழுதலாம். உங்கள் ஜெனரேட்டர் அதை மதிக்கிறதா என்று ஒரு சின்ன மாடலில் முதலில் ஓட்டிப் பாருங்கள். பல ஜெனரேட்டர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. அப்படியானால் முடிவை ஒரு புலத்தில் சேமித்து, 'சோதனை'க்குள் நுழையும்போது அந்தப் புலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நிபந்தனைகளுக்கு நடுவில் ஓட்டை. "5 டிகிரிக்குக் கீழ் என்றால் அனுமதி, 5 டிகிரிக்கு மேல் என்றால் மறுசோதனை." வெப்பமானி 5.0 காட்டினால்? இரண்டு அம்பும் திறக்காது. ஒரு நிலையிலிருந்து பல அம்புகள் பிரியும் இடத்தில் ஒன்றாவது "மற்றபடி" என்று இருக்கட்டும். அளவி எதுவும் தராமல் வெறுமையாக வந்தாலும் அந்த வழியாகப் போய் ஒரு மனிதரின் திரையில் நிற்கும்.

மூன்றாவது நுட்பமானது, ஆபத்தானதும்கூட. பிரிவுப் புள்ளியை இரண்டு விதமாக வரையலாம்: நிரப்பிய கறுப்புப் புள்ளி ஒன்று, வைர வடிவம் ஒன்று. பார்வைக்குத்தான் வித்தியாசம் என்று நினைத்து விருப்பம்போல் போடுகிறார்கள். கறுப்புப் புள்ளிக்குப் பின்னால் உள்ள நிபந்தனைகள், அம்பு கிளம்பும் முன்பே கணக்கிடப்படும். வைரத்துக்குப் பின்னால் உள்ளவை, அதுவரையிலான செயல்கள் முடிந்த பிறகே கணக்கிடப்படும். உள்ளே வரும் அம்பின் செயல் "வெப்பநிலையைப் படி" என்றும், அடுத்துக் கறுப்புப் புள்ளி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நிபந்தனை பார்ப்பது படிப்பதற்கு முன்பிருந்த எண்ணை. கருவியின் புலம் எல்லா வண்டிக்கும் பொதுவாக இருந்தால் அது முந்தைய வண்டியின் வெப்பநிலை. இந்த வண்டியின் பால் முந்தைய வண்டியின் எண்ணை வைத்து அனுமதி பெற்றுவிடும். முடிவு எப்போதும் ஒரு வண்டி பின்தங்கியே இருப்பதாகத் தெரிந்தால் நேராக இங்கே வந்து வைரமாக மாற்றுங்கள்.

நான்காவது, உள்நிலையும் வெளிநிலையும் ஒரே நிகழ்வுக்கு வேறு வேறு பதில் சொல்வது. 'சாவடிக்குள்' என்ற பெரிய பெட்டியில் 'ரத்து' வந்தால் வெளியேற அம்பு. உள்ளே 'மறுசோதனை'யில் 'ரத்து' வந்தால் 'சோதனை'க்குத் திரும்ப அம்பு. யூஎம்எல்லில் உள்ளே இருப்பதற்கே முன்னுரிமை. இந்தப் படமுறைக்கு மூலமான நிலை வரைபடங்களை 1987-இல் வெளியிட்ட டேவிட் ஹாரல் வழியில் வந்த ஸ்டேட்மேட் டூலில் இது தலைகீழ்: வெளியே இருப்பது ஜெயிக்கும். டூல் மாற்றிய பிறகு நடத்தை மாறிவிட்டது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும். ஒரே நிகழ்வை இரண்டு மட்டத்திலும் பயன்படுத்தாமல் பெயரைப் பிரித்துவிடுவதே நிம்மதி.

டேங்கர் நிற்காமல், ஒரு நிலையைத் தொட்டுவிட்டு உடனே பாய்ந்தால் அது வேறு நோய். மேலே எதுவுமே எழுதாத அம்பு ஒன்று அங்கே இருக்கும். அதற்கு "வேலை முடிந்ததும் போ" என்று அர்த்தம். அந்த நிலையில் வேலையே இல்லையென்றால் நுழைந்ததும் வெளியே போகும்.

அறிகுறி: கையால் எழுதிய கோட் காலையில் காணோம்

யாரோ மாடலைத் திருத்தி மறுபடி ஜெனரேட் செய்திருக்கிறார். ஜெனரேட் ஆன கோப்புக்குள் கை வைத்ததுதான் மூலக் காரணம். உறுதியான ஏற்பாடு: ஜெனரேட் ஆவது தனிக் கோப்புறை, கையால் எழுதுவது தனிக் கோப்புறை. ஜெனரேட்டர் அடிப்படை கிளாஸை உருவாக்கும். நீங்கள் அதிலிருந்து மரபுரிமை எடுத்த கிளாஸில் எழுதுவீர்கள். அந்த மெத்தட்களின் மேல் ஓவர்ரைடு குறியைக் கட்டாயம் போடுங்கள். மாடலில் ஒரு செயலின் பெயர் மாறினால் கம்பைலர் அங்கேயே நின்று காட்டும். குறி இல்லையென்றால் பழைய மெத்தட் அனாதையாகக் கிடக்கும். யாரும் அதைக் கூப்பிட மாட்டார்கள், பிழையும் வராது.

எக்லிப்ஸ் ஈஎம்எஃப் (மாடலிலிருந்து ஜாவா கோட் எடுக்கும் கட்டமைப்பு) பயன்படுத்துபவர்களுக்கு: ஒவ்வொரு மெத்தடின் மேலும் 'ஜெனரேட்டட்' என்ற குறிச்சொல் இருக்கும். அது இருக்கும்வரை அந்த மெத்தட் ஜெனரேட்டருக்குச் சொந்தம். கை வைத்தால் குறிச்சொல்லுக்குப் பின்னால் 'நாட்' என்று சேருங்கள். ஜெனரேட்டர் அதைத் தாண்டிப் போகும்.

பில்டு சர்வரில் ஒரு காவலும் வையுங்கள்: ஒவ்வொரு முறையும் மாடலிலிருந்து புதிதாக ஜெனரேட் செய்து, ரெப்போவில் இருப்பதோடு ஒப்பிட்டு, ஒரு வரி வேறுபட்டாலும் பில்டை நிறுத்த வேண்டும். முதல் நாளே பொய் அலறல் வரும். காரணம் பெரும்பாலும் இரண்டு. டெம்ப்ளேட்டின் தலைப்பில் தேதியும் நேரமும் அச்சாகிறது, அல்லது வரிசை உறுதியில்லாத தொகுப்பிலிருந்து பெயர்கள் எடுக்கப்படுகின்றன. தேதியை நீக்குங்கள், பெயர்களை அகர வரிசைப்படுத்திவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

அறிகுறி: அனுமதிச் சீட்டு இரண்டு முறை அச்சாகிறது, அல்லது அச்சாகவே இல்லை

வேலை நடக்கும் வரிசையை வரைவதற்கான தரமான பிபிஎம்என்-இல் ஓட்டப்படம் வரைந்தவர்களுக்கு வருவது. படத்துக்குள் ஒரு காசு உருண்டு போவதாக நினைத்துக்கொண்டு விரலால் பாதையைத் தடவிப் பாருங்கள். கூட்டல் குறி உள்ள வைரம் வரும் காசை எத்தனை வழியோ அத்தனையாகப் பிரிக்கும். பெருக்கல் குறி உள்ள வைரம் ஒரே வழியில் மட்டும் விடும். கொழுப்புச் சோதனையும் கலப்படச் சோதனையும் ஒரே நேரத்தில் நடக்கக் கூட்டலில் பிரித்து, பெருக்கலில் சேர்த்தால் இரண்டு காசும் தனித்தனியாகக் கடந்து போகும், சீட்டு இரண்டு. பெருக்கலில் பிரித்து ஒரு சோதனை மட்டும் செய்துவிட்டுக் கூட்டலில் சேர்த்தால், வராத இன்னொரு காசுக்காக அது காத்தே கிடக்கும், சீட்டு இல்லை. திறந்த குறியாலேயே மூடுங்கள். இணைப்பு வைரமே இல்லாமல் கூட்டலில் பிரிந்த இரண்டு அம்புகளை ஒரு வேலைப் பெட்டிக்குள் நேராகச் செருகினாலும் அந்த வேலை இரண்டு முறை நடக்கும்.

பெருக்கல் வைரத்தில் எந்த நிபந்தனையும் பொருந்தாமல், இயல்பு வழியும் இல்லையென்றால், படத்தை இயக்கும் எஞ்சின் பிழை எறியும். இயல்பு வழி என்பது அடியில் சிறு சாய்கோடு வெட்டிய அம்பு.

இன்னொன்று எல்லைக்கே உரிய தவறு. பால் அனுப்பும் சங்கம் தமிழ்நாட்டுப் பக்கம், சாவடி கேரளப் பக்கம். இரண்டும் வேறு நிர்வாகம், ஆகவே வேறு பூல், அதாவது ஒரு நிர்வாகத்தின் வேலைகளைச் சுற்றி வரையும் பெட்டி. தொடர் அம்பு பூலைத் தாண்டக் கூடாது. செய்தி அம்பு, அதாவது விட்டுவிட்டு வரையும் கோடு, ஒரே பூலுக்குள் போகக் கூடாது. தாண்டிய இடத்தில் செய்தி எந்தப் பயணத்தைச் சேர்ந்தது என்று எஞ்சின் அடையாளம் காண ஒரு சாவி தேவை. வண்டி எண்ணைச் சாவியாக வைக்காதீர்கள். ஒரே டேங்கர் காலையிலும் மாலையிலும் வரும். காலைப் பயணம் மூடப்படாமல் இருந்தால் மாலை முடிவு அதில் போய் விழும். பயணச் சீட்டு எண்ணை வையுங்கள்.

அறிகுறி: கிட்டில் மெர்ஜ் சுத்தமாக முடிந்தது, ஆனால் அம்பு வேறு பெட்டியைக் காட்டுகிறது

கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் இரண்டு கிளைகளின் மாற்றங்களைச் சேர்ப்பதுதான் மெர்ஜ். மோதல் வந்தால்கூடக் கவலையில்லை, கண்ணுக்குத் தெரியும். மோதல் இல்லாமல் தவறாகச் சேர்வதுதான் பயங்கரம்.

ஈஎம்எஃப் வழியில் நீங்களே செய்த மாடல் மொழியில், உறுப்புகளுக்கு அடையாள எண் வைக்கவில்லையென்றால் ஒன்றை ஒன்று வரிசை இடத்தால் குறிக்கும். எண்ணிக்கை 0-இல் தொடங்கும். நம் பட்டியலில் 'அனுமதி' 4, 'திருப்பி அனுப்பல்' 5. ஒருவர் தன் கிளையில் 'வருகை'க்குப் பின் 'எடை பார்ப்பு' என்ற புது நிலையைச் சேர்க்கிறார். எல்லாம் ஓரிடம் தள்ளி, 'அனுமதி' 5 ஆகிறது. அவர் சேமிக்கும்போது பழைய அம்புகள் எல்லாம் சரியாகத் திருத்தி எழுதப்படுகின்றன. இன்னொருவர் வேறு கிளையில் கலப்படப் பாலுக்கு 5-ஐக் காட்டும் புது அம்பு சேர்க்கிறார். அவர் கணக்கில் 5 என்பது 'திருப்பி அனுப்பல்'. கிட் வரிகளைத்தான் பார்க்கும். வரிகள் மோதவில்லை, சேர்த்துவிடும். மெர்ஜுக்குப் பிறகு அந்த அம்பு கலப்படப் பாலுக்கு 'அனுமதி' கொடுக்கும்.

மெட்டாமாடலில் (மாடல் மொழியின் இலக்கணம்) ஒவ்வொரு உறுப்புக்கும் மாறாத அடையாளப் புலம் ஒன்றை வையுங்கள், அல்லது கோப்பைச் சேமிக்கும் இடத்தில் தானாக அடையாளம் ஒதுக்கும் வசதியை இயக்குங்கள். ஏற்கெனவே உள்ள கோப்புகளை ஒரு முறை திறந்து சேமித்து, அந்த மாற்றத்தை மட்டும் தனி கமிட்டாகப் போடுங்கள். அந்த நாளில் வேறு யாரும் கிளையில் வேலை செய்யக் கூடாது.

பெட்டியை நான்கு புள்ளி நகர்த்தியதற்கு நாற்பது வரி மாற்றம் காட்டினால், மாடலும் அதன் தோற்றமும் ஒரே கோப்பில் இருக்கின்றன என்று அர்த்தம். பப்பைரஸ் என்ற யூஎம்எல் டூல் இவற்றைத் தனிக் கோப்புகளாகப் பிரித்து வைக்கிறது: மாடல் ஒன்று, தோற்றம் ஒன்று, இரண்டையும் திறக்கும் கோப்பு ஒன்று. மூன்றையும் சேர்த்தே கமிட் செய்ய வேண்டும். ஒன்றை விட்டால் அடுத்தவருக்குப் படம் சரியாகத் திறக்காது.

அறிகுறி: வேறு டூலில் திறந்தால் பெயர்கள் வருகின்றன, படம் வரவில்லை

யூஎம்எல் மாடலை டூல்களுக்கிடையே மாடலைப் பரிமாறும் எக்ஸ்எம்ஐ கோப்பாக எடுத்துப் போனால் இப்படித்தான். கிளாஸ், உறவு, நிலை எல்லாம் போய்ச் சேரும். பெட்டி எங்கே இருந்தது என்பதை டூல்கள் பெரும்பாலும் தங்களுக்குரிய வழியில் வைத்திருப்பதால் சேராது. படத்தைத் தானாக அடுக்கும் வசதியால் வரைந்து, முக்கியமான மூன்று நான்கு படங்களை மட்டும் கையால் ஒழுங்குபடுத்துங்கள். பெயர்களும் வரவில்லையென்றால் கோப்பின் மேல் வரியில் எந்த யூஎம்எல் பதிப்பு என்று பாருங்கள். இரண்டு டூலுக்கும் பொதுவான பதிப்பில் மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். 2011-இல் வந்த பிபிஎம்என் 2.0-க்கு இந்தத் தொல்லை குறைவு. தோற்றத்தையும் அதே கோப்பில் எழுதும் முறை அந்தத் தரத்திலேயே இருக்கிறது.

அறிகுறி: ஒரே பெயர் இரண்டு முறை இருக்கிறது, தேடினால் ஒன்றுதான் கிடைக்கிறது

பொள்ளாச்சியில் ஒருவர், கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் என்று உட்கார்ந்து தமிழிலும் மலையாளத்திலும் பெயர் வைக்கும் குழுவுக்கு இது வந்தே தீரும். திரையில் இரண்டும் ஒன்று. ஒருங்குறி (யூனிகோட்) ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் தரும் எண்ணளவில் வேறு.

'கொள்ளளவு' என்ற சொல்லின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாக எழுதலாம், பதின்மத்தில் 3018. எகரக் குறி 3014, கால் 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். சில தட்டச்சு முறைகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் இரண்டாவதைத் தருகின்றன. ஜாவா இவற்றை இரண்டு வேறு மாறிகளாக எடுத்துக்கொள்ளும். பைத்தான் இயல்பாக்கி ஒன்றாக்கிவிடும். ஆக ஒரே மாடல், ஒரு மொழியில் ஓடும், இன்னொன்றில் ஓடாது. கோப்பைச் சேமிக்கும் முன் எல்லாப் பெயர்களையும் ஒருங்குறியின் என்எஃப்சி என்ற சீரான வடிவுக்கு மாற்றினால் இது தீரும்.

என்எஃப்சியால் தீராதவை இரண்டு. 'கௌன்டர்' என்பதை ஔகாரக் குறியோடு ஒருவரும், எகரக் குறியோடு ள எழுத்தைச் சேர்த்து இன்னொருவரும் அடிப்பார்கள். ஒருங்குறிக்கு அவை வேறு வேறு சொற்கள். இரண்டாவது, மலையாளத்தில் சில்லெழுத்து, அதாவது உயிரொலி சேராத மெய்க்கான தனி வடிவம். பாலைக் குறிக்கும் சொல்லே அங்கே சில்லெழுத்தில்தான் முடிகிறது. 2008-இல் வந்த ஒருங்குறி 5.1 முதல் அந்த எழுத்துக்கு 3453 என்ற தனி எண் உண்டு. அதற்கு முன்பு 3378, 3405, 8205 என்று மூன்றைச் சேர்த்து எழுதினார்கள். பழைய முறை விசைப்பலகைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. இயல்பாக்கல் இவற்றை ஒன்றாக்காது. நீங்களே ஒரு மாற்று அட்டவணை எழுதி இறக்குமதியின்போது ஓட்ட வேண்டும்.

படத்தில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், படம் தயாராகும் சர்வரில் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழும் நோட்டோ சான்ஸ் மலையாளமும் நிறுவுங்கள். பெட்டியைத் தாண்டி எழுத்து வழிந்தால், அகலம் கணக்கிட்ட கணினியிலும் வரைந்த கணினியிலும் வேறு வேறு எழுத்துரு இருக்கிறது. இரண்டிலும் ஒன்றையே வையுங்கள்.

பெயர்க் குழப்பம் மறுபடி வராமலிருக்க, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சுருக்கமான குறியீட்டை, நிலை 01, நிலை 02 என்ற மாதிரி, தனிப் புலத்தில் கொடுங்கள். கோட் அந்தக் குறியீட்டிலிருந்து மட்டும் பிறக்கட்டும். தமிழ்ப் பெயரும் மலையாளப் பெயரும் அதற்குப் பக்கத்தில் இரண்டு தனிப் புலங்களில் இருக்கட்டும். திரையில் எது தெரிய வேண்டும் என்பதை அங்கே உட்காருபவர் தேர்ந்தெடுத்துக்கொள்வார்.